மகாராணியின் சம்மதம்

தம்பி பெண்ணை அழைத்து வருகிறான் என்பதால் அன்று பசுவுக்குக்கூட இரண்டு தடவை குளியல் நடந்தது. அக்கா பெட்டியின் அடியில் கிடந்த நீலப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

போனில் அவன் அதிகம் பேசவில்லை. ஒரு பெண்ணை அழைத்து வருவதாகவும், ஆடு மாடு எல்லாவற்றையும் அவளுக்கு அறிமுகப்படுத்தி விவரமாகச் சொல்ல வேண்டும் என்றும்தான் சொன்னான். கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறவன் இவ்வளவு சொன்னதே பெரிது என்று அக்கா மேற்கொண்டு எதையும் கிண்டிக் கேட்கவில்லை.

காரிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தண்ணீர் வாங்கிக் குடித்தாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "முதல்ல அவங்களையெல்லாம் பாத்துடலாமாக்கா?" என்றாள். மாட்டையும் ஆட்டையும் 'அவங்க' என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே அக்கா பாதி விழுந்துவிட்டாள்.

முதலில் வக்கீல். யார் என்ன சொன்னாலும் பதிலுக்குக் கத்துகிற வெள்ளாடு. பக்கத்தில் ஆள் நின்று பார்த்தால்தான் இலையைத் தொடும், தனியே விட்டால் பட்டினி கிடக்கும்.

அடுத்தது வாட்ச்மேன். கார் வந்த சத்தத்துக்குக்கூட எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டிருந்த நாய். இடி இடித்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் இடம் விட வேண்டும் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு கால் ஊனமான வாத்து மற்ற வாத்துகளோடு சேர்ந்து தின்னாது, அதற்குத் தனிக் கிண்ணம். பழுப்புக் கோழி முட்டையை எங்கே ஒளித்து வைக்கும் என்பதைக்கூட அக்கா காட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எதற்கு என்ன தீனி, எதற்கு எதைக் கண்டால் பயம் என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் தம்பியைத் திரும்பிப் பார்த்து, "சார், இந்தக் கொட்டகைக்கு லைட் இருக்கா?" என்றாள்.

கட்டிக்கப் போகிறவனை 'சார்' என்கிறாளே என்று அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ஆபீஸாக இருக்கும், பழக்கம் போக நாளாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டியருகே தம்பியைத் தனியாகப் பிடித்தாள். "தங்கமான பொண்ணுடா. எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் காலால் ஒரு கல்லைத் தள்ளினான். "உனக்குப் பிடிச்சா போதும்க்கா. மகாராணியைக் கறக்க மட்டும் சொல்லிக் குடுத்துடு."

மகாராணிதான் அந்த வீட்டின் அதிகாரம். அக்காவைத் தவிர வேறு கை பட்டால் வாளி ஒரு பக்கம் பறக்கும், ஆள் ஒரு பக்கம் பறப்பான். அக்காவுக்கு வந்த இரண்டு வரன்களைத் தட்டிக்கழிக்க அவள் சொன்ன சாக்கும் இந்தப் பசுவின் தாய்தான். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியைத் தனியே விட முடியாது என்ற நிஜக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீடும் நிலமும் அவன் பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்ததும் அவள்தான்.

கொட்டகை வேலைக்கென்று வைத்திருந்த தன் பழைய சட்டையை அக்கா அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டாள். வாசனை பழகினால் பசு அடங்கும். காதுக்குக் கீழே எப்படித் தடவ வேண்டும், எந்தப் பக்கம் உட்கார வேண்டும், மெதுவாக எதைச் சொல்லிக்கொண்டே கறக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அது அக்காவுக்கும் மகாராணிக்கும் மட்டும் தெரிந்த பேச்சு.

பசு ஒரு தடவை திரும்பி முகர்ந்தது. காலைத் தூக்கியது, பிறகு கீழே வைத்துவிட்டது. வாளியில் பால் விழுகிற சத்தம் கேட்டதும் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

உள்ளே ஓடிப்போய் அம்மாவின் மோதிரத்தை எடுத்து வந்தாள். அந்தப் பெண்ணின் ஈரக் கையைப் பிடித்து விரலில் போடப் போனாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள். முகத்தில் வெட்கம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"சார், நான் இங்க வேலைக்கு வந்திருக்கேன்னு இவங்ககிட்ட நீங்க சொல்லலையா?"

தம்பி பால் வாளியைப் பார்த்தபடி சொன்னான். விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்களுக்காக இந்த இடத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று. வருகிறவர்களுக்கு ஆடு மாடெல்லாம் வேண்டும், அதனால் அவை இங்கேயே இருக்கும். பார்த்துக்கொள்ள கம்பெனி ஆள்தான் தங்குவார், வெளியாள் யாரும் இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அக்காவுக்கு டவுனில் ஓர் அறை பார்த்திருக்கிறான், மாடியில், நல்ல காற்று வரும்.

'வெளியாள்' என்ற சொல்லை அவன் எந்தத் தடங்கலும் இல்லாமல் சொன்னான். அந்தப் பெண் சட்டையைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

அக்கா மோதிரத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "இதை வந்ததுமே சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா, நீ கத்துக் குடுத்திருக்க மாட்டியேக்கா."