இன்னும் ரெண்டு கிலோ

"முடி கொட்டுறது வெளியில தெரியாத மாதிரி வெட்டி விடுங்கக்கா. அவர் கண்ணுல பட்டா ஆயிரம் கேள்வி கேப்பாரு."

டீச்சர் கண்ணாடியைப் பார்க்காமலேயே சொன்னாள். பார்லர்க்காரி கொண்டையை அவிழ்த்தாள். இரண்டு மாதம் முன்பு வந்தபோது இரண்டு கையாலும் அள்ளிப் பிடிக்க வேண்டிய முடி. இப்போது ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. சீப்பு பட்டதும் பாதி முடி பட்டுப் பட்டென்று ஒடிந்தது, மீதி வேரோடு வந்தது.

"என்ன டீச்சர் இது? கூட்டுற துடைப்பம்கூட இதைவிடத் தெம்பா இருக்கும். அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?"

"வெள்ளரிக்காய், கீரை, ராத்திரி ஒரு கப் சூப். காலையில ஓட்டம். சாயங்காலம் ஜிம்."

"நான் சாப்பாட்டைக் கேட்டேன்."

டீச்சர் சிரித்தாள். சிரித்தால் குழி விழுகிற கன்னத்தில் இப்போது எலும்புதான் தெரிந்தது.

"ஜிம் மாஸ்டரும் இதையேதான் சொல்றாரு. வயித்தைக் காயப்போடாதீங்க, மெதுவாக் குறைங்கன்னு. மெதுவாக் குறைக்க எனக்கு நேரமில்லக்கா. இன்னும் ரெண்டு கிலோ. அடுத்த வாரத்துக்குள்ள குறைஞ்சே ஆகணும்."

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே என்ன, பொண்ணு பாக்கவா வரப்போறாங்க?"

டீச்சர் மடியில் விழுந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"அவருக்காகத்தான்கா" என்றாள் மெல்ல. "இப்ப என்னைக் கூட்டிட்டுப் போக வருவாரு. அவர்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை விட்டுடாதீங்க. தெரிஞ்சா எல்லாம் கெட்டுடும்."

பார்லர்க்காரிக்குச் சுருக்கென்றது. புருஷனுக்குப் பயந்து நடுங்குகிறவளை அவளுக்குக் கண்ணாடியில் பார்க்காமலே தெரியும். அவளும் ஒரு காலத்தில் ஒருவனுக்காக வயிற்றைக் கட்டினவள்தான். 'பூசணிக்காய்' என்றுதான் அவளைக் கூப்பிடுவான். பட்டினி கிடந்து இளைத்தாள், முடியெல்லாம் போனது. 'கிழவி மாதிரி ஆயிட்டே' என்று சொல்லிவிட்டு அவனும் போனான். அன்றைக்கு யாராவது ஒருத்தர் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

முடியைக் கழுத்தளவுக்கு வெட்டி முடித்தாள். எண்ணெய் தேய்த்து, ஆவி பிடிக்கும் மெஷினை டீச்சரின் தலைக்கு மேல் இறக்கினாள்.

"நான் வந்து எடுக்கிற வரைக்கும் அசையாதீங்க."

வெளியே படியேறி வரும் சத்தம் கேட்டது. 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையருகே வந்து அது நின்றது. பார்லர்க்காரி தரையில் கிடந்த முடியைக் கூட்டி ஒரு பழைய பேப்பரில் அள்ளினாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒரு மாடி ஏறியதற்கே அந்த ஆளுக்கு மூச்சு வாங்கியது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கண்ணெல்லாம் மஞ்சள். குடிகாரன் வேறு என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாள்.

"நீங்கதான் டீச்சர் வீட்டுக்காரரா?"

"ஆமாங்க. வேலை முடிஞ்சுதா?"

"அவங்க கதையையே முடிச்சுடுவீங்க போலிருக்கே!"

பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள்.

"பிரிச்சுப் பாருங்க சார். வெட்டினது பாதிதான். மத்ததெல்லாம் சீப்பு பட்டதுமே கையோட வந்தது. ரெண்டு மாசமா பட்டினி கிடக்கிறாங்க. ஓடுறாங்க, ஜிம்முக்குப் போறாங்க. கேட்டா உங்களுக்காகவாம். முதல்ல உங்க வயித்தைக் குறைங்க. பானையைக் கவுத்த மாதிரி இதை வச்சுக்கிட்டு, பொண்டாட்டி மட்டும் ஒல்லிக்குச்சியா இருக்கணுமோ?"

அவர் பதிலுக்குக் கத்துவார் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்து முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடை குறைக்கிறாளா? ஸ்கூல்ல வேலை அதிகம், அதான் இளைச்சுட்டேன்னு எங்கிட்ட சொன்னாளே."

"நல்லாச் சொன்னாங்க! அடுத்த வாரத்துக்குள்ள இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சே ஆகணுமாம். அப்படி என்னதான் இருக்கு உங்களுக்கு அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமா?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். மாட்டிக்கொண்டதும் ஃபோனில் ஒளிகிறார் என்று பார்லர்க்காரி நினைத்தாள். கேட்டுவிட்டோம் என்று முதல் தடவையாக மனசு லேசானது.

"டாக்டர், நான்தான்" என்றார் அவர். "எனக்குக் கல்லீரல் குடுக்கிறவங்களுக்குக் கொழுப்பு இருக்கு, எடையைக் குறைச்சுட்டு வந்தாத்தான் ஆபரேஷன்னு சொன்னீங்களே... அது என் தம்பி இல்லையா?"

அந்தப் பக்கம் டாக்டர் என்னவோ சொன்னார். இவர் மடியில் கிடந்த முடியைத் தடவிக்கொண்டே கேட்டார். பார்லர்க்காரியின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

"நீ மட்டும் குடுக்கக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன் டாக்டர். பிள்ளைங்களுக்கு எங்கள்ல ஒருத்தராவது முழுசா இருக்கணும். எனக்கு ஆபரேஷன் வேண்டாம். அடுத்த வாரம் நான் வரலை."

ஃபோனை வைத்துவிட்டு, "நல்லவேளை, நீங்க சொன்னீங்க" என்று அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"அக்கா, அவர் வந்துட்டாரா? எதையும் சொல்லிடலையே?"