அமுங்கிய ஸ்பிரிங்

"கழட்டி மாட்டுறதுக்கு இவ்வளவு கூலியா? பயங்காட்டிக் காசு பிடுங்கப் பார்க்கிறே! போய்யா, நானே மாட்டிக்கிறேன்."

மரக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன. புதுசு வாங்கியாயிற்று. கூலிதான் படியவில்லை.

மெக்கானிக் கோபப்படவில்லை.

"எதை வேணா கழட்டுங்க சார். ஷாக் அப்சார்பரைச் சுத்தியிருக்கிற ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீங்க. அமுங்கி இருக்கிற வரைக்கும்தான் அது சாது. விட்டுச்சுன்னா மூஞ்சி இருக்காது."

"இந்தப் பூச்சாண்டியெல்லாம் வேற எவன்கிட்டயாவது காட்டு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு உட்காருறேன். மத்தியானம் உன் வாசல்லயே வண்டியை ஓட்டிக் காட்டுறேன்."

போகிற வழியில் பழைய இரும்புக் கடை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கொக்கி, ஒரு ஜோடி.

"கொக்கி முனை கொஞ்சம் தேஞ்சிருக்கு, அண்ணே."

"தேஞ்சதுக்கு எதுக்குய்யா முழு விலை?"

பாதிக்குப் பாதியாக முடித்தார்.

மறுநாள் பதினோரு மணி. கார் ஷெட் தரையில், ஷாக் அப்சார்பரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் ஒரு சாணாகச் சுருங்கியிருந்தது.

'டிக்.'

ஒரு கொக்கி வழுக்கி விளிம்புக்கு வந்துவிட்டது. ஸ்பிரிங் வில்லாக வளைந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றது.

மூச்சு நின்றுபோனது. ஸ்பேனரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கொக்கியை இறுக்கிப் பிடித்தார்.

"ஏங்க, குடிக்கத் தண்ணி..." ஷெட் வாசலில் மனைவி.

"வராதே!" கண்ணை ஸ்பிரிங்கிலிருந்து எடுக்கவில்லை. "பாப்பாவைக் கூட்டிட்டுப் பின்னாடி ரூமுக்குப் போ. கதவைச் சாத்து. அந்த மெக்கானிக்குக்குப் போன் போடு."

"நேத்துத்தானே அவரைத் திருடன்னு..."

"போடுடீ!"

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை. கொக்கி இன்னும் ஒரு மயிரிழை நகர்ந்தது.

கேட் படாரென்று திறந்தது. கையில் சங்கிலியோடு மெக்கானிக்.

"அசையாதீங்க. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்புங்க."

சங்கிலி ஸ்பிரிங்கின் வளையங்களுக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. மூன்று சுற்று. பூட்டு விழுந்தது.

"இப்பக் கையை எடுங்க. எடுங்க சார்... அது உங்க கைதான்."

விரல்கள் வரவில்லை. மெக்கானிக்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மரக்கடைக்காரருக்கு மூச்சு திரும்பியது. பின்னாலேயே சந்தேகமும் திரும்பியது.

"உன் பட்டறை ஊருக்கு அந்தக் கோடியில. ரெண்டே நிமிஷத்துல எப்படிய்யா வந்தே? நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறதை வேடிக்கை பார்க்க வந்தியா?"

"இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு சார்."

கழற்றிய சாமானையும் புதுசையும் தூக்கி ஸ்கூட்டரில் கட்டினார் மெக்கானிக். "மாட்டிக் கொண்டுவர்றேன். கூலி நேத்துச் சொன்னதுதான். ஒரு பைசா குறையாது."

"பார்த்தியா, பார்த்தியா..." என்று முணுமுணுத்துக்கொண்டே கேட்டைச் சாத்தப் போனார் மரக்கடைக்காரர்.

வெயில் கொளுத்தும் மதிலோரத்தில், ஸ்கூட்டர் நின்றிருந்த இடத்தில் ஐந்து டீக் கப்புகள். நான்கு காய்ந்து கிடந்தன. ஐந்தாவதில் டீ அப்படியே இருந்தது.