ஒத்தைக் காசு

“மாட்டிக்கிட்டாங்க மேடம்! கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க!”

மென்பொருள்காரர் மடிக்கணினியோடு ஓடிவந்த வேகத்தில் கூட்ட அறையே எழுந்து நின்றது.

டிஜிட்டல் காசுத் திட்டத்துக்கு மேடம்தான் தலைவி. ஆறு மாதமாக ஒரே ஊரில் வெள்ளோட்டம் விட்ட அந்தக் காசு நாளைக்கு நாடு முழுக்க வருகிறது. போனில் அஞ்சு, பத்து, ஐம்பது, நூறு காசு அனுப்பும் பொத்தான்கள் எல்லாம் முடிவாகிவிட்டன. ஒத்தைக் காசை வைப்பதா, தூக்குவதா என்றுதான் காலையிலிருந்து மல்லுக்கட்டு.

“ஊர்லயே ரெண்டு பேர்தான் மேடம் அதைத் தொடறாங்க. டெய்லி காலையில ஆறு மணிக்கு ஒரு டெய்லர் ஒன்னு அனுப்பறார். அடுத்த நிமிஷமே ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மா திருப்பி அனுப்பறாங்க. ஆறு மாசமா இதே கூத்து!”

“பரிசுப் புள்ளிக்குத்தான்! அனுப்பற ஒவ்வொரு தடவையும் புள்ளி விழுதுல்ல?” என்றார் மேசையிலிருந்த ஒருவர்.

“பலே கில்லாடிங்க!” என்றார் இன்னொருவர்.

மேடம் அப்போதே டெய்லரைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரைப் போட்டதும் அறை காதைத் தீட்டிக்கொண்டது.

“புள்ளியா? அது என்ன எழவுன்னே எனக்குத் தெரியாதும்மா. அது எங்க அக்கா. நாலு தெரு தள்ளித் தனியா இருக்கு. என் பொண்ணு கல்யாணத்துல வார்த்தை தடிச்சுப் போச்சு. ஆறு வருஷமா பேச்சில்ல.”

“அப்புறம் எதுக்குக் காசு?”

“திரும்பி வந்தா, எந்திரிச்சிருச்சுன்னு அர்த்தம். வரலைன்னா ஓடிப்போய் கதவை உடைப்பேன்.”

மேடம் போனை நோக்கிக் குனிந்தார்.

“சரிங்க, அஞ்சு காசா அனுப்பிக்கலாமே?”

“ஐயோ, அஞ்சுன்னா உதவி பண்றேன்னு நெனச்சு நம்பரையே பிளாக் பண்ணிடும். ரோஷக்காரி! ஒன்னுன்னா வம்புக்கு அனுப்பறேன்னு உடனே திருப்பி அடிக்கும். அதுகிட்ட சொல்லிடாதீங்கம்மா!”

போனை வைத்ததும் மென்பொருள்காரர் தலையைச் சொறிந்தார். “பாவம்தான் மேடம். ஆனா ஒரு ஆளுக்காக ஒரு பொத்தானா?”

மேடம் நர்ஸம்மாவை அழைத்தார்.

“தம்பியா? அந்தக் கஞ்சப்பய காசு எனக்கு எதுக்கு? வந்த வேகத்துல மூஞ்சியில விட்டெறியறேன்!”

“இனிமே அந்தத் தொல்லை இருக்காதும்மா. நாளையிலேர்ந்து ஒத்தைக் காசு அனுப்ப முடியாது.”

பிறகு வந்த குரலில் அந்தப் பழைய காரம் சுத்தமாக இல்லை.

“எடுத்துடாதீங்கம்மா... அவனுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சு வலி வந்திருக்கு. காலையில காசு வரலைன்னா, அவன் கண் முழிச்சானான்னு நான் யார்கிட்ட போய்க் கேட்பேன்?”