கிளியர் அடிப்பதற்கு முன்

"தொட்டுறாதம்மா" என்றான் என் மகன் ரகுநாத்.

நான் தொடவில்லை. காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இறந்துபோன என் கணவர் நல்லதம்பியின் சைக்கிள் கூடத்தின் நடுவில் நின்றது. புழுக்கம் தாங்கவில்லை. ஆனாலும் ஃபேன் போடக் கூடாது. தூசி பறந்து ஸ்டிக்கரில் ஒட்டிக்கொள்ளுமாம்.

சைக்கிள் கம்பெனியின் பெயர் போட்ட ஸ்டிக்கர்; இங்கிலாந்திலிருந்து அவன் வரவழைத்தது. தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி எடுத்து, பிரேமில் உட்காரவைத்து, இரவெல்லாம் உலர விட்டிருந்தான். இனி மேலே கிளியர் என்கிற நிறமில்லாத வார்னிஷ் அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் மழை வெயில் எதற்கும் அசையாது.

அடுத்த வாரம் புதுக்கோட்டையில் பழைய சைக்கிள் கண்காட்சி. அதில் பரிசு வாங்குவதுதான் அவன் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை.

அவரோ, அந்தக் கம்பெனியின் பழைய ஸ்டிக்கரைத் தேங்காய் நாரும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தே கரைத்தவர். அழுக்கு என்று நினைத்திருப்பார்.

உர மூட்டை உராய்ந்த தடம், அன்னவாசல் சந்தையில் மாடு முட்டிய நெளிவு, பச்சை பெயிண்டில் அவரே கோணலாக எழுதிய இனிஷியல். எல்லாவற்றையும் பெயிண்டர் சுத்தமாக எடுத்துவிட்டு, புதுக் கறுப்பு அடித்திருந்தார்.

அப்பாவின் நினைவாக, அப்பா இல்லாத சைக்கிள்.

சீட்டுக்குக் கீழே, ஸ்டிக்கரை ஒட்டினாற்போல், சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தது.

அதைப் பார்த்ததும் ரகுநாத் பிளேடை எடுத்தான்.

அதையும் சுரண்டிவிட்டால், அந்த வண்டி எங்கள் வீட்டில் இருந்ததற்கு ஒரு சாட்சியும் இருக்காது.

நல்லவேளை, சைக்கிள் சங்கத் தலைவர் உடையப்பன் வந்துவிட்டார். தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஸ்டிக்கர் பக்கம் விரல் போகக் கூடாது என்பது அவரே போட்ட விதி. ஆகையால் தள்ளி நின்று, போனில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பிளேடை உள்ள வைங்க தம்பி. பேக்டரில சோதிச்சு முடிச்சு வைக்கிற புள்ளி இது, லேசுல கெடைக்காது. ஆனா இங்கிட்டு ஒண்ணு இருந்தா, அங்கிட்டும் ஒண்ணு இருந்திருக்கணுமே."

புதுப் பெயிண்டின் மேல் பழைய பேக்டரியின் புள்ளி எப்படி வந்தது என்று ரகுநாத் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். வெறும் கறுப்பு. முகம் வாடிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஏம்மா, ஒன் ஸ்டிக்கர் பொட்டு கெடக்கா? இதே சைசுதானே. நீதான் இனிமே வைக்கப் போறதில்லையே."

உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன். கீழ ராஜ வீதியில் என் கணவர் கடைசியாக வாங்கிவந்த பொட்டு அட்டை. அன்று விடிகாலையில், ரகுநாத் எழுவதற்கு முன்தான் பிரித்திருந்தேன்.

அதில் ஒன்றுதான் குறைந்திருந்தது.