வைத்தியரும் அவரே, கள்ளனும் அவரே

"அடுத்த லெவலில நான் கள்ளனாகப் போறன்" என்றார் பாதர் எமிலியானுஸ்.

கீரி ஊர்க் கோயிலில் பாதர் தங்கும் அறைவீட்டு விறாந்தையில் இருந்த ஒருவரும் அதற்குப் பிறகு தேத்தண்ணியைத் தொடவில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் அங்கே ஒரு விளையாட்டு நடக்கும். மேசையில் தாயக்கட்டைகள் மட்டும், மற்றதெல்லாம் வாயால்தான். ஆளுக்கொரு வேசம்; செய்ய நினைத்தது சரிவருமா என்பதைக் கட்டை சொல்லும், சண்டை முடிய லெவல் ஏறும். தலைமன்னார் றெயில்வே ஸ்டேசனில் வேலை செய்யும் றெனால்ட் கதையை நடத்துவான். கோயில் பங்குச் சபைச் செயலாளர் அன்ரோனெற் வில்லாளி. மீன்பிடிகாரர் செபமாலை வாள்வீரன். பாதர் வைத்தியர். சண்டையில் வெட்டுப்பட்டவரைத் தொட்டுச் சுகமாக்குவது அவர் வேலை.

"கள்ளனோ?" என்றார் அன்ரோனெற்.

"வைத்தியத்தோட சேத்துத்தான். ஒரு ஆள் ரெண்டு தொழில் பழகலாம் எண்டு விதி இருக்கெல்லோ, றெனால்ட்?"

"இருக்கு பாதர். ஆனா களவு பழகிற நேரம் வைத்தியம் வளராது. செத்தவனை எழுப்பிற மந்திரம் அடுத்த லெவலிலதான் வருது. அது உங்களுக்குக் கிடைக்காது."

"பரவாயில்ல."

"வாற கிழமை பூதத்தோட சண்டை பாதர்."

றெனால்டின் கதைப்படி கட்டுக்கரைக் குளத்தைக் கட்டிய பூதம் எழும்பி, வயலெல்லாம் மிதித்துக்கொண்டு வருகிறது.

"பூதத்தை விடு. சனம் என்ன கதைக்கும்?" என்றார் அன்ரோனெற். "காலமை பூசை செய்யிறவர், பின்னேரம் பிக்பொக்கற் அடிக்கிறார். இனிக் காணிக்கைத் தட்டு வரேக்க நான் எங்க பாக்கிறது?"

"தட்டைப் பாருங்கோ" என்றார் பாதர்.

செபமாலை மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "வைத்தியர் இருந்தாலென்ன, விட்டாலென்ன. எனக்கு ஒருத்தற்ர மருந்தும் வேண்டாம்."

சிக்கலே அதுதான். மனுசி செத்த நாளிலிருந்து செபமாலை ஒருவர் கையிலிருந்தும் ஒன்றும் வாங்குவதில்லை. அயலட்டைச் சனம் அனுப்பிய சோறு மூடி திறபடாமல் திரும்பிப் போனது. கோயிலை விட்டார், மீன்பிடிச் சங்கக் கூட்டத்தை விட்டார். அவர் நாலு பேரோடு வாய் திறந்து கதைப்பது இந்த மேசையில்தான். இங்கேயும் அவருடைய வீரனுக்கு அதே வீம்பு. வைத்தியர் கையை நீட்டினால் "தொடாதேங்கோ" என்பான். வேண்டாம் என்பவனைச் சுகமாக்க விளையாட்டில் விதி இல்லை. போன சண்டையில் அரை உயிரோடு வந்தவன், இன்னும் அரை உயிரோடுதான் நடந்து திரிகிறான்.

"என்ர ஆள் செத்தா நான் இஞ்ச வரமாட்டன்" என்று செபமாலை எப்போதோ சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுசன்.

இந்த லட்சணத்தில் வைத்தியர் களவு பழகப் போகிறார் என்றால் யாருக்குத்தான் பத்திக்கொண்டு வராது?

அன்ரோனெற் வாக்கெடுப்புக் கேட்டார். பங்குச் சபையில் பிடித்த பழக்கம். கள்ளன் கூடாது என்று முன்மொழிந்தார், வழிமொழிய ஆளில்லாததால் அதையும் தானே செய்தார். பாதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு விளையாட்டு தொடங்கியதும் களவுக்குப் பரீட்சை. கதையில் வந்த ராசாவின் செருப்பைப் பாதர் வெற்றிகரமாகத் தூக்கினார். பிறகு மனம் கேளாமல் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும்போது பிடிபட்டார். றெனால்ட் இரக்கப்பட்டுப் பாஸ் போட்டான்.

பூதத்திடம் போகிற வழியில் மூன்று பேரும் ஒரு பெருக்கமரத்தடியில் மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுத்தார்கள்.

"வீரன்ர பைக்குள்ள கை விடுறன்" என்றார் பாதர்.

"என்ர பைக்குள்ளயோ?" என்றார் செபமாலை.

"அண்ணை, நீங்கள் இப்ப நித்திரை. கதைக்கக்கூடாது" என்றான் றெனால்ட். "உருட்டுங்கோ பாதர்."

பாதர் சிலுவை போட்டுவிட்டுக் கட்டையை உருட்டினார். ஒன்று விழுந்தது. இந்த விளையாட்டில் அதைவிடக் கேவலமாக எதுவும் விழ முடியாது.

"பிடிபட்டார்" என்றார் அன்ரோனெற். அவருக்குப் பெரிய திருப்தி.

"ஓம். வீரன் கண்ணை முழிக்கிறான். பைக்குள்ள வைத்தியற்ர கை" என்றான் றெனால்ட்.

செபமாலை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். முகம் கறுத்துப் போயிருந்தது. விளையாட்டென்றாலும் அவருக்கு உண்மையாகவே நொந்துவிட்டது.

"நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கிறேல்ல பாதர். கிடக்கிறதையாவது விட்டு வைக்கக்கூடாதோ? என்னத்தை எடுத்தனீங்கள்?"

பாதர் நிலத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ."

விளையாட்டுக்கு முன்னம் பாதர் தனக்கு மட்டும் சொல்லி வைத்ததை றெனால்ட்தான் போட்டு உடைத்தான்.

"எடுக்கேல்ல அண்ணை. கையில ஒரு மருந்துப் போத்தல் இருக்கு. அதைப் பைக்குள்ள வைக்கிறார். ஆளுக்குத் தெரியாமல் பைக்குள்ள கை விடுறதெண்டா கள்ளனாலதான் ஏலும். வைத்தியரால ஏலாது."

"எனக்கு மருந்து வேண்டாம் எண்டு…"

"ஒருத்தற்ர மருந்தும் வேண்டாம் எண்டுதானே சொன்னனீங்கள். உங்கட பைக்குள்ள கிடந்தா அது உங்கட சாமான். உங்கட சாமானைக் குடிப்பியள் எண்டு பாதர் நினைச்சவர்."

அன்ரோனெற் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து மடமடவென்று குடித்தார்.

செபமாலை கதிரையை இழுத்து இருந்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணை" என்றான் றெனால்ட் மெதுவாக, "கட்டையில ஒண்டு விழுந்தது. விதிப்படி நீங்கள் முழிச்சிட்டியள்."

"ஆர் சொன்னது?" என்றார் செபமாலை, கண்ணைத் திறக்காமலே. "நான் நல்ல நித்திரை. பாதரைக் கெதியா வைக்கச் சொல்லு."