மனப்பாடம்

கனகம் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. சொல்லிக்கொடுத்த ஜாஸ்மினுக்கு முகமெல்லாம் பெருமை.

பக்கத்தில் இருந்த கிளியம்மாள் சட்டென்று எட்டி, புத்தகத்தை உள்ளங்கையால் மூடினாள். கனகத்தின் வாய் நிற்கவில்லை. கடைசி வரிவரை சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தது.

மண்ணூர் முதியோர் கல்வி வகுப்பு குலுங்கிச் சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியாக அடங்கினார்கள்.

"அப்ப நாம படிக்கலடி. ஒப்பிச்சிக்கினு கீறோம்" என்றாள் கிளியம்மாள்.

ஒருத்தியை ஒருத்தி சோதித்துப் பார்த்தார்கள். புத்தகத்தை மூடினாலும் எல்லாருக்கும் பாடம் வந்தது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது இன்னா?" என்று கேட்டால், முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"பாடத்துல இல்லாததைப் படிச்சாத்தான்கா படிப்பு" என்று ஜாஸ்மினே ஒத்துக்கொண்டாள்.

கிளியம்மாள் சிலேட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் கோதண்டத்திடம் சொன்னாள்.

"இனிமே கிளாசுக்குப் போவலய்யா. எனக்கு ஒண்ணும் ஏறல."

"ஒரு எழுத்துகூடவா?"

"ஒண்ணுகூட."

"நெசமாவா சொல்றே?"

"பின்ன, பொய்யா சொல்றேன்?"

"வுடு மே. நீ படிச்சி இன்னா பண்ணப்போற?" என்றான் கோதண்டம். அன்றைக்கு அவளுக்கும் சேர்த்து அவனே சோறு போட்டான்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்தப் பக்கம் பெரிய கம்பெனிகள் வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. கிளியம்மாளுக்கு அந்தப் பேச்சில் அக்கறை இல்லை. கல்யாணத்தின்போது அவள் அப்பா கொடுத்த ரோட்டோர நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்தாள். அதுவே அவளுக்குப் போதும்.

அந்த வாரமே ஒருநாள் களை எடுக்கப் போனவள், நிலத்து முனையில் புதுப் பலகை ஒன்று நிற்பதைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் கோதண்டமும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் நின்றிருந்தார்கள்.

"இன்னாய்யா இது போர்டு?"

"கவர்மெண்ட் போர்டு மே. எல்லாரும் படிக்கணும்னு எழுதிக்கீது" என்றான் கோதண்டம், சிரித்துக்கொண்டே.

கிளியம்மாள் தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். ஏதோ தோன்ற, மறுபடி நிமிர்ந்தாள். பாடத்தில் எங்கேயும் வராத சொற்கள். உதடுகள் ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்தன. ஒருமுறை முடித்து, இன்னொரு முறையும் முடித்தாள்.

களைக்கொத்து கையிலிருந்து நழுவியது.

"எங்கப்பன் குடுத்த நிலத்தை யாரைக் கேட்டுய்யா விக்கற?"