கலங்காத வில்லை

"சூட்டைக் கூட்டினா மருந்து கருகிடும்னு சில பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது" என்று அவள் அழுத்தும் இயந்திரத்திடம் சொன்னாள்.

அந்தச் சில பேர், எதிரே நின்ற அவளுடைய கணவன்தான்.

"அழுத்தம் அழுத்தம்னு மெஷினையே வெடிக்க வெச்சிடுவாங்க சில பேர்" என்று அவன் சுவரிடம் சொன்னான்.

இருவருக்கும் ஒரே மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. தலைவலி மருந்தை பாலிமரில் கரைத்து, வாயில் அடக்கிக்கொள்ளும் வில்லையாக்க வேண்டும். சூடாக்கி அழுத்தும்போது மருந்து சமர்த்தாகக் கரைந்து, வில்லை கண்ணாடிபோல வரும். சூடு ஆறி, அழுத்தமும் விலகியதும் மருந்து பிரிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். இன்னும் சூடு வேண்டும் என்பது அவன் கட்சி. இன்னும் அழுத்தம் வேண்டும் என்பது அவள் கட்சி. அதில் மூண்ட சண்டை வீடுவரை போய், ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தையே இல்லை.

இயக்குநருக்கு எந்நேரமும் ஒரு கை நெற்றியில்தான் இருக்கும். அதனால் ஆய்வுக்கூடத்தில் அவர் பெயர் மண்டையிடி. காலையில் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்: சாயங்காலத்துக்குள் கலங்காத வில்லை வராவிட்டால், இருவரில் ஒருவர் வெளியூர்க் கிளைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். சண்டை போடவாவது அவள் பக்கத்தில் இருக்க வேண்டாமா? வாய்விட்டுச் சொல்ல வீம்பு விடவில்லை. குத்திக் காட்டச் சுவர் போதும். ஒன்றைக் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

பாலிமர் தூளை அச்சில் கொட்டிவிட்டு விலகி நின்றான். அவள் வந்து அச்சை மூடி இறுக்கினாள். அவன் சூட்டைக் கூட்டினான், அவள் முணுமுணுக்கவில்லை. அவள் அழுத்தத்தைக் கூட்டினாள். அவனும் வாயைத் திறக்கவில்லை.

வில்லை பளிங்காக வந்தது. மின்விசிறியின் கீழ் ஆறவைத்தார்கள். கலங்கவில்லை. ஜில்லென்று ஆன பிறகும் கலங்கவில்லை. அதன் வழியே அவள் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது.

"உங்க சூடுதாங்க வேலை செஞ்சிருக்கு" என்றாள், அவனைப் பார்த்தே.

"சூட்டுல என்ன இருக்கு? எல்லாம் உன் அழுத்தம்தான்."

ஒரு வாரத்துக்கு அப்புறம் அவள் நேராக அவனிடம் பேசிய பேச்சு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மண்டையிடி வந்தார். வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யாரையும் கேட்காமல் ஒரு மூலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சிரித்துக்கொண்டே மேசையை ஒழித்தபோது அவன் தராசின் மூடியைத் திறந்தான். நிறுத்துவைத்த மருந்து முழுவதும் காகிதத்தில் அப்படியே குவிந்திருந்தது.

"நீ போடலையா?"

"நீங்க போட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன். யாரைப் போய்க் கேக்கறது?"

அதற்குள் கதவு திறந்தது. மண்டையிடியின் கை நெற்றியை விட்டு இறங்கியிருந்தது.

"என் ஆயுசுத் தலைவலி போன இடம் தெரியல. ரெண்டு பேரும் இங்கயே இருந்து இதையே போடுங்க" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருந்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க, டோஸ் ரொம்பத் தூக்கலா இருக்கு."